எலாஸ்டிகேர்லை மடக்கிய டிவி

2005 மார்ச்சில் 'தி இன்கிரெடிபிள்ஸ்' அனிமேஷன் படம் அமெரிக்காவில் டிவிடியாக வந்தபோது, அகலத் திரைக்கு ஒன்று, சதுர டிவிக்கு ஒன்று என இரண்டு விதமாக விற்றார்கள். தெருவகலம் கையை நீட்டுகிற எலாஸ்டிகேர்லையும் சதுரத்துக்குள் அடக்கியாயிற்று. வில்லனால் ஆகாத காரியம்!

படத்தைவிட, கூடவே வந்த இரண்டாம் தட்டுதான் விஷமம். நாயகன் மிஸ்டர் இன்கிரெடிபிளை வைத்து, வாய் மட்டும் அசையும் மட்டரக கார்ட்டூன் ஒன்று. பழசு போலத் தெரிய வேண்டுமென்றே எடுத்தது. அதற்கு அவரும் நண்பர் ஃப்ரோசோனும் உட்கார்ந்து வர்ணனை வேறு. கார்ட்டூனில் தன்னை வெள்ளைக்காரனாக்கிவிட்டார்கள் என்று கறுப்பரான ஃப்ரோசோன் கொதிக்கிறார். (பனிக்கட்டி ஆசாமி கொதிப்பதற்கே காசு கொடுக்கலாம்.) நாயகனின் கைக்குழந்தை ஜாக்ஜாக், பார்த்துக்கொள்ள வந்த பெண்ணைப் படுத்தும் பாடு தனிக் குறும்படம். பழைய டிவிடி கையில் கிடைத்தால் இரண்டாம் தட்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.