214 கோடிச் சொச்சம்

1603இல் பொலோனியா பேராசிரியர் கத்தால்டி அருள்வாக்கு ஒன்று சொன்னார். 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் பகா எண் வருமாம். 23, 29, 37 போட்டாலும் அப்படியேதானாம். 17க்கும் 19க்கும் ஒழுங்காக வகுத்துப் பார்த்த மனிதர்தான். அதற்குமேல் கை வலித்ததோ என்னவோ. 23ஐயும் 37ஐயும் கணித மேதை ஃபெர்மா கவிழ்த்தார், 29ஐ இன்னொரு மேதை ஆய்லர். தப்பிப் பிழைத்தது 31 மட்டும்.

1644இல் பாரிஸ் துறவி மெர்சென், 257 வரைக்கும் எந்தெந்த அடுக்குக்குப் பகா எண் வரும் என்று பட்டியலே போட்டார். அதிலும் 31 உண்டு. 15, 20 இலக்க எண் ஒன்று பகா எண்ணா என்று பார்க்கக் காலம் முழுவதும் போதாது என்று எழுதியவரும் அவரேதான். பிறகெப்படிப் பட்டியல்? சாமியாரைக் கேள்வி கேட்கலாமா! 67ஐயும் 257ஐயும் தப்பாகச் சேர்த்தார், 61, 89, 107ஐக் கோட்டைவிட்டார். ஆனாலும் இந்த ரக எண்களுக்கு இன்றுவரை அவர் பெயர்தான்.

கடைசியில் 31ஐ உட்கார்ந்து தீர்த்தவர், பீட்டர்ஸ்பர்க்கில் ஏறக்குறையப் பார்வை போய்விட்டிருந்த ஆய்லர். 31 தரும் எண்ணான 2,14,74,83,647ஐ எதுவும் வகுக்கவில்லை என்று காட்ட, அதன் வர்க்கமூலம் வரை, அதாவது 46,340 வரை உள்ள பகா எண்களை எல்லாம் சோதிக்க வேண்டும். அவை கிட்டத்தட்ட 4,800. ஆய்லர் மகா கெட்டிக்காரச் சோம்பேறி. இந்த எண்ணை வகுக்கக்கூடிய எந்தப் பகா எண்ணும், 248ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 வருவதாக இருந்தே தீர வேண்டும் என்று கண்டுகொண்டார். மற்றதெல்லாம் வாசலோடு திரும்பிவிட்டது. மிஞ்சிய சொற்பத்தில் ஒன்றும் வகுக்கவில்லை. 1772இல் தீர்ப்பு வந்தது: பகா எண்.

அடுத்து வந்தார் இங்கிலாந்தின் பீட்டர் பார்லோ. இந்த ரகப் பகா எண் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நிறைவெண் கிடைக்கும், அதாவது தன்னை விட்டுத் தன் வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் எண். 31இலிருந்து கிடைக்கும் நிறைவெண்ணைவிடப் பெரிய நிறைவெண்ணை இனி ஒருவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று 1811இல் அச்சிலேயே போட்டார். காரணம்தான் பிரமாதம்: இவை வெறும் வேடிக்கை, பயன் இல்லை, ஆகவே எவரும் மெனக்கெட மாட்டார்கள். பயனில்லாத காரியத்துக்கு மனிதன் மெனக்கெட மாட்டானாம்! பார்லோ 1862இல் செத்தார். 1876இல் கணிதர் லூக்கா 127ஆம் அடுக்கைத் தீர்த்து 39 இலக்கப் பகா எண்ணைக் கொண்டுவந்தார். 2024இல் 4 கோடி இலக்கங்களைத் தாண்டிவிட்டார்கள். ஒவ்வொன்றோடும் ஒரு நிறைவெண் இலவசம்.

பயன் விஷயத்துக்கு வருவோம். கணினியில் 32 பிட்டில், கூட்டல் கழித்தல் குறியோடு எழுத முடிகிற மிகப் பெரிய முழு எண் நம்ம 214 கோடிச் சொச்சமேதான். 2014இல் 'கங்னம் ஸ்டைல்' குதிரை ஆட்டப் பாட்டு வீடியோவின் பார்வைக் கணக்கு அதை நெருங்கவும், யூடியூப் தன் கணக்குப்பிள்ளையை 64 பிட்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. புது வரம்பு 63 இரண்டுகளின் பெருக்கத்தில் ஒன்று குறைவு. அது பகா எண்ணா என்று பார்க்க ஆய்லரை எழுப்ப வேண்டாம். 7ஆல் போட்டாலே வகுபட்டுவிடும்.