காணும் பொங்கலும் காணாத கடலும்

தை 3-ஆம் நாள் குடும்பத்தோடு மெரினாவுக்குப் போவது சென்னையின் எழுதாத சட்டம். கடலைக் காணத்தான் போகிறோம், ஆனால் கால் நனைக்கக் கூடாது. மணலில் சவுக்குக்கட்டைத் தடுப்பு, அதற்கு அப்பால் போலீஸ், அதற்கும் அப்பால் வங்காள விரிகுடா. அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கும் வாண்டுக்கு மட்டும் அலை கொஞ்சம் தெரியும். அதுவோ முதுகைத் திருப்பிக்கொண்டு பஞ்சுமிட்டாய்க்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பிள்ளைகள் தொலைந்துவிடாமல் இருக்க, பெற்றோரின் செல்போன் எண் எழுதிய பட்டையைக் காவலர்கள் அவர்கள் கையில் கட்டிவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடு, கேலி செய்ய மனம் வரவில்லை. சித்தப்பாக்களுக்கும் ஒன்று கட்டினால் தேவலை. "தோ, சுண்டல் வாங்கிட்டு வந்துடறேன்" என்று கிளம்பியவர், சாப்பாட்டுக் கூடை காலியாகும்வரை அகப்படுவதில்லை.

புளியோதரையில் பாதி மணல். "இதை நம்ம மொட்டை மாடியிலயே உக்காந்து தின்னிருக்கலாம்டா" என்று பாட்டி வருஷாவருஷம் அலுத்துக்கொள்வாள். வருஷாவருஷம் முதல் ஆளாக ஆட்டோவில் ஏறி ஓர இடம் பிடிப்பவளும் அவளேதான்.