லகாட் வட்டாரத்தில் நிரல் பயில்வோரின் இலக்குகள்: எச்சவியல் நோக்கில் ஓர் ஆய்வு

முன்னுரை

ஈப்போவிலிருந்து மெங்லெம்புவைத் தாண்டிப் போகிறவர்கள் லகாட்டைக் கவனிப்பதில்லை. மின்ரயிலும் கவனிப்பதில்லை; பத்து காஜாவை விட்டால் அதற்கு அடுத்த நிறுத்தம் ஈப்போதான். இத்தகைய ஊரில், கொரோனாவை முன்னிட்டு 2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததும், எங்கள் வரிசை வீடுகளில் ஓர் அரிய நிகழ்வு காணப்பட்டது. அடுத்தடுத்த வீடுகளில் ஆளுக்கு ஆள் கோடிங் படிக்கப் போவதாகச் சொன்னார்கள். 'படிக்கப் போவதாக' என்ற தொடரை வாசகர் கூர்ந்து நோக்க வேண்டுகிறேன். இந்த ஆய்வு அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

மாதிரிக்கூறு மூவர்: (அ) என் அக்காள் மகன், (ஆ) ஒட்டுக்கடை அண்ணனின் மூத்த மகள், (இ) இந்த ஆய்வாளர். மூவர் போதாது என்று தேர்வாளர்கள் ஆட்சேபிக்கக்கூடும். நான்காவதாக அணுகப்பட்டவர் "போய் வேலையப் பாரு லா" என்று கருத்துரைத்ததால், ஆய்வு அறம் கருதி அவர் விடுவிக்கப்பட்டார். ஆய்வுக் கருவி: சீனி குறைத்த தே தாரே, மாலைக்கு இரண்டு கிளாஸ்.

முன்னோர் ஆய்வுகள்

இலக்கு என்பது எப்படி இருக்க வேண்டும் என்று 1981இல் ஜார்ஜ் டோரன் என்ற அமெரிக்கர் ஒரு மேலாண்மை இதழில் எழுதினார். குறிப்பாக இருக்க வேண்டும், அளக்க முடிய வேண்டும், ஒருவரிடம் ஒப்படைக்கக் கூடியதாக இருக்க வேண்டும், நடக்கக் கூடியதாக இருக்க வேண்டும், காலவரை வேண்டும். இவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்தால் 'ஸ்மார்ட்' என்று வரும். பின்னால் வந்த உரையாசிரியர்கள் மூன்றாவதைத் திருத்தி, 'ஒப்படைக்கக் கூடியது' இருந்த இடத்தில் 'எட்டக் கூடியது' என்று போட்டுவிட்டார்கள். லகாட்டுக்குப் பொருந்துவது மூலபாடம்தான். "நம்ம வீட்ல ஒருத்தனாச்சும் கம்ப்யூட்டர்ல வேல செய்யணும்" என்று என் அக்காள் சொன்ன கணத்தில் இலக்கு ஒப்படைக்கப்பட்டுவிட்டது. இலக்கு அம்மாவுடையது, மடிக்கணினி அப்பாவுடையது, கொட்டாவி மட்டுமே (அ)வின் சொந்தச் சொத்து.

2009இல் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை இன்னும் கலவரமூட்டுவது. நல்ல வழக்கறிஞர் ஆகப்போகிறேன் என்பது போன்ற எண்ணத்தைப் பிறர் அறிந்து அங்கீகரித்துவிட்டால், அதற்கான உழைப்பு குறைந்துபோவதை அவர்கள் கண்டார்கள். சொன்னதே பாதி ஆனதுபோல் மனம் எடுத்துக்கொள்கிறது. இதை அவர்கள் சோதனை செய்து கண்டுபிடித்தார்கள். நம் இலக்கணிகளைக் கேட்டிருந்தால் செலவு மிச்சமாகியிருக்கும்.

எச்சவியல்

வினை முற்றாமல் இன்னொரு வினையை எதிர்பார்த்து நின்றால் அது வினையெச்சம். பெயரை எதிர்பார்த்து நின்றால் பெயரெச்சம். ஆறாம் வகுப்பில் இதற்காக முட்டி போட்டவர்கள் இப்போது அதன் பயனை அறியலாம்.

(அ)வின் முதல் இலக்கு, களக்குறிப்பேட்டில் உள்ளபடி: "பைத்தன் படிச்சு, ஒரு செயலி செஞ்சு, அத வித்து, கார் வாங்கி, அம்மாவ உக்கார வச்சு, கேமரன் மலைக்குப் போயி..." இங்கே ரொட்டி சானாய் வந்துவிட்டது. வரிசையாக வினையெச்சங்கள், ஒரு முற்றுகூட இல்லை. இதைப் பையனின் குறை என்று சொல்ல மாட்டேன். நம் மொழியில் முற்றுவினை கடைசியில் வரும். எனவே தமிழன் ஒருவன் தன் இலக்கைச் சொல்லத் தொடங்கினால், அதைச் செய்தானா, செய்வானா, செய்யவே மாட்டானா என்பது வாக்கியம் முடியும்வரை கேட்பவருக்குத் தெரியாது. பல வேளைகளில் சொல்பவருக்கும் தெரியாது.

பெயரெச்ச இலக்கு இதைவிட ஆபத்தானது. இரண்டே வாரத்தில் (அ) ஊருக்குள் 'கோடிங் படிக்கிற பையன்' ஆனான். 'படிக்கிற' என்ற எச்சம் 'பையன்' என்ற பெயரைக் கொண்டு முடிந்துவிட்டது. இலக்கணப்படி இனி எதுவும் பாக்கி இல்லை. கோல்விட்சர் கண்டது இதைத்தான். பட்டம் கிடைத்ததும் பொறுப்புகளும் வந்தன. பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் கைப்பேசியில் சார்ஜ் ஏறவில்லை, கோயில் செயலாளரின் பிரிண்டரில் காகிதம் சிக்கியது, எல்லாவற்றுக்கும் அவனே கூப்பிடப்பட்டான். படிக்கத்தான் நேரமில்லை.

ஏவல் இலக்கு ("படிடா!") அம்மாக்களுக்குரியது. வியங்கோள் இலக்கு ஜனவரி முதல் தேதிக்குரியது. இரண்டையும் பற்றி நீட்ட வேண்டியதில்லை. முற்று வேண்டும் என்போர்க்கு முத்து நெடுமாறன் இருக்கிறார். கணினியில் தமிழ் எழுத 1985இல் முரசு, 2005இல் கைப்பேசிக்குச் செல்லினம். ஆப்பிள் கணினிகளில் உள்ள 'தமிழ் சங்கம் எம்என்' என்ற எழுத்துருவின் வாலில் தொங்கும் இரண்டு எழுத்தும் அந்த மலேசியத் தமிழரின் பெயர்ச் சுருக்கமே.

எதிர்கால வினையைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். "விடியறதுக்கு முந்தி எழுந்திருப்பேன், பெரட்டுல நிப்பேன், மரம் வெட்டுவேன்" என்பார். (பெரட்டு: தோட்டத்துக் காலை ஆள்கணக்கு.) பேரன் "நாளைக்கு எழுந்திருப்பேன், படிப்பேன்" என்பான். வினைவடிவம் ஒன்றேதான். அவருக்கு அது நாள்தோறும் நடந்தது. இவனுக்கு இனிமேல் நடக்கப்போவது. ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேசையில், ஒரே காலம் இரண்டு காலமாக உட்கார்ந்து சோறு தின்னும் இந்த நிகழ்வு இலக்கண நூலார் எவராலும் போதிய அளவு ஆராயப்படவில்லை.

களச்சான்றுகள்

கிந்தா வட்டாரத்தில் எச்சங்களுக்குப் பஞ்சமில்லை. பத்து காஜா அருகே கெல்லி கோட்டை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915 வாக்கில் கட்டத் தொடங்கினார். தமிழ்நாட்டிலிருந்து செங்கல் வந்தது, ஆளும் வந்தது. மின்தூக்கிக்கான கூண்டுவரை எழுந்துவிட்டது. 1926இல் அவர் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்தார். மின்தூக்கி வாங்கத்தான் போனார் என்பது ஊர்ப்பேச்சு. கோட்டை அப்படியே நின்றுவிட்டது.

சற்றுத் தள்ளி ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. வேலையாட்களிடையே நோய் பரவியபோது அவர்கள் கேட்டதற்கிணங்க ஸ்மித் கட்டிக் கொடுத்தது. அது முடிந்தது. தெய்வ உருவங்களுக்கு நடுவே ஸ்மித் என்று சொல்லப்படும் ஓர் உருவமும் நிற்கிறது. ஒரே முதலாளி, ஒரே தொழிலாளிகள். கோட்டை முடியாமல் போனதற்கும் கோயில் முடிந்ததற்கும் ஆய்வாளர் தரும் விளக்கம்: கோயிலில் விளக்கு வைக்க மறுநாளே ஆள் காத்திருந்தது. கோட்டையின் மின்தூக்கிக்காக எவரும் படியடியில் நின்றுகொண்டிருக்கவில்லை.

தஞ்சோங் துவாலாங் சாலையில் டிடி5 என்ற, வெள்ளீயம் தோண்டும் ஈயக் கப்பல் இன்னொரு சான்று. 1938இல் கட்டப்பட்டது, 4,500 டன் எடை, 1982 வரை வேலை செய்தது. முன்னால் தோண்டும், பின்னால் கொட்டும். தான் மிதக்கும் குட்டையையும் தன்னோடு நகர்த்திக்கொண்டே போகும். ஆய்வாளர் (இ) நிரல் பயின்ற முறையும் இதுவே. முதலில் பைத்தன், மூன்றாம் பாடத்தில் ஜாவாஸ்கிரிப்ட்தான் சோறு போடும் என்று எவரோ சொல்ல அங்கே தாவினார், பிறகு இரண்டுக்கும் அடிப்படை சி என்று கேள்விப்பட்டார். ஒவ்வொன்றிலும் 'ஹலோ வேர்ல்ட்' வரை தோண்டியாயிற்று. உலகத்துக்கு மூன்று மொழிகளில் வணக்கம் சொன்ன பிறகு பேச எதுவும் இருக்கவில்லை. கற்றதெல்லாம் பின்னால் மணலாகக் கொட்டிக் கிடக்கிறது. (ஒன்று சொல்ல வேண்டும்: டிடி5 ஈயமாவது எடுத்தது.)

இதே ஆய்வாளர் இலக்குகளுக்கென்று நான்கு வண்ணப் பேனாவால் ஓர் அட்டவணை வரைந்தார். வரைய மூன்று வாரம். அட்டவணையே முடிந்துபோன ஒரு வேலைபோல் தோன்றியதால், நான்காம் வாரம் ஓய்வெடுத்தார்.

பிழை

(ஆ) வேறு ரகம். அவளுடைய இலக்கு ஒரு வாக்கியத்துக்குள் அடங்கியது: அப்பாவின் 555 கொப்பியைக் கணினிக்குள் கொண்டுவருவது. உள்ளங்கை அளவுள்ள அந்தக் கடன் புத்தகத்தை மலேசியாவில் அறியாதவர் இலர். அதில் பாதிப் பேருக்குப் பெயர் கிடையாது. 'சிவப்பு மோட்டார்', 'மீசை', 'லாரி தம்பி' என்றுதான் இருக்கும்.

அவள் நாளொன்றுக்கு ஒரு புதுப் பிழை என்று கணக்கு வைத்தாள். நேற்று வந்த பிழையே இன்றும் வந்தால் அந்த நாள் கணக்கில் சேராது. புதிதாக ஒன்று வந்தால்தான் ஓரடி நகர்ந்ததாகப் பொருள். இங்கே சொல்லாய்வு ஒன்று தேவைப்படுகிறது. தமிழில் 'பிழை' என்றால் தவறு, 'பிழை' என்றால் உயிர்வாழ். பிழைக்க வந்தவர்களின் கொள்ளுப்பேத்தி நாள்தோறும் சிவப்பு எழுத்தில் பிழை கண்டு கலங்காமல் உட்கார்ந்திருந்ததற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

நிரல் முடிந்தது. தட்டினால் யார் எவ்வளவு தர வேண்டும் என்று வெள்ளியும் சென்னும் பிசகாமல் சொல்லும். அண்ணன் பார்த்தார், தலையாட்டினார், மூடினார். "கணக்கு இவ்வளவு சரியா இருந்தா எவன்மா கடைக்கு வருவான்?" கொப்பி மீண்டும் சட்டைப் பைக்குள் போனது. முற்றுப்பெற்ற இலக்குக்கு எங்கள் மூவரிடையே அதுவரை கிடைத்த ஒரே சான்று இது.

தோட்டத்து அளவைமுறை

இனி முறையியல். டோரன் 'அளக்க முடிய வேண்டும்' என்றார். எதனால் அளப்பது என்று சொல்லவில்லை. அதை என் அம்மா சொன்னார்.

பால்மரத்தில் ஒரு வெட்டுக்குச் சீவ வேண்டிய பட்டை ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். ஆழம் மிஞ்சினால் உளி உயிர்ப்பட்டையைத் தொட்டுவிடும். அந்த இடத்தில் முண்டு கட்டிக்கொள்ளும், பிறகு சரியாக வெட்ட முடியாது. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் அந்த மரத்துக்குத் திரும்பலாம். மழையும் மற்றதும் போக ஆண்டுக்கு 150 வெட்டு என்று வைத்தாலும் இறங்கும் தூரம் 22.5 சென்டிமீட்டர், என் ஒரு சாண் அவ்வளவுதான். கன்று ஊன்றி ஐந்து ஆண்டிலிருந்து ஏழு ஆண்டுவரை அதன்மேல் உளியே படக்கூடாது. மூன்றே மாதத்தில் முழு நிபுணராக்கும் விளம்பரத்தை (அ) படித்துக் காட்டியபோது அம்மா கேட்டது: "மூணு மாசக் கன்னுல எவன்டா பால் எடுக்கிறான்?"

ஒரே இரவில் பத்துப் பாடம் பார்த்துவிட்டு, மறுநாள் கண் சிவந்து, அதன்பின் மூன்று வாரம் மடிக்கணினிப் பக்கமே போகாத (அ)வின் நிலையை அவர் ஒரு சொல்லில் கண்டறிந்தார்: "முண்டு."

அன்றிலிருந்து மாலைதோறும், தோட்டத்துக் கணக்கரான கிராணிபோல், ஒரே கேள்வி. "இன்னைக்கு எத்தன மரம்டா?"

"பாட்டி, இது மரம் இல்ல, கோடிங்."

"சரி, அதுல எத்தன மரம்?"

ஒரு வாரம் கழித்துப் பையன் பதில் சொல்லத் தொடங்கினான். ஒரு சின்னக் கணக்கு ஓடினால் ஒரு மரம் என்று இருவருக்குமிடையே அளவை ஏற்பட்டது. மூன்று மரம், இரண்டு மரம். ஒரு நாள் ஒன்றுமில்லை என்றான். அம்மா திட்டவில்லை. "நாளைக்கு வெட்டு" என்றார். கேமரன் மலையும் காரும் பேச்சிலிருந்து எப்போது காணாமல் போயின என்று களக்குறிப்பேட்டில் பதிவு இல்லை. ஆய்வாளர் அந்த வாரம் புதிய அட்டவணை வரைந்துகொண்டிருந்தார்.

இயல் ஏழு

(எழுதப்படும்.)

இயல் எட்டு: இறுதிக் களநிகழ்வு

பையன் தானாக ஒரு நிரல் எழுதினான். பாட்டி மூன்றாம் வகுப்புவரை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். அவருக்குப் புரிய வேண்டும் என்று எழில் மொழியில் எழுதியிருந்தான். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய அந்த மொழியில் கட்டளைச் சொற்கள் தமிழ். அச்சிட 'பதிப்பி'. நிபந்தனையை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு 'ஆனால்' என்று போட வேண்டும், நாம் பேசுகிற வரிசையிலேயே. கடைசியில் 'முடி'. (தலையில் உள்ளதற்கும் அதே பெயர் என்பதையும், நிரல் பயில்வோர் இரண்டையும் ஒருசேர இழக்கிறார்கள் என்பதையும் வேறொரு கட்டுரையில் ஆராய எண்ணம்.)

அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையருகே குனிந்து எழுத்துக் கூட்டினார். "இன்று... எத்தனை... மரம்?" பையனைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"தெனமும் கேக்குமா?"

"தெனமும் கேக்கும் பாட்டி. ராத்திரி எட்டு மணிக்கு."

"மழ பேஞ்ச அன்னைக்கு?"

பையன் பேசவில்லை.

"மழன்னா வெட்டு இல்லையேப்பா. பெரட்டுல நின்னு பாத்துட்டுத் திரும்பிருவோம். அன்னைக்கும் வந்து எத்தன மரம்னு கேட்டா, இந்தக் கிராணிக்கு மூள இல்லன்னு சிரிப்போம்."

வெளியே பாப்பான் ஊர்ப்பக்கம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. துணி எடுக்கச் சொல்லி அக்காள் பின்கட்டிலிருந்து கத்தினாள். பையன் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, ஓர் 'ஆனால்' எங்கே நுழையும் என்று தேடிக்கொண்டிருந்தான்.