மறுபடியும் கால்ஃப்: பரணிலிருந்து இறங்குகிறவர்களுக்குச் சில ஆலோசனைகள்

முதலில் பரணில் கிடக்கும் பழைய பையை இறக்கித் தூசி தட்டுங்கள். உள்ளே பெர்சிமன் மரத்தலை டிரைவர் இருந்தால் வரவேற்பறைச் சுவரில் மாட்டிவிடுங்கள். மைதானத்துக்கு எடுத்துப் போனால் யாரும் சிரிக்க மாட்டார்கள். பக்தியோடு சுற்றி நின்று செல்போனில் படம் எடுப்பார்கள். அது இன்னும் மோசம்.

அடுத்து கடை. புது டிரைவரின் தலையைப் பார்த்துப் பதறக் கூடாது. 1991-ல் காலவே நிறுவனம் ‘பிக் பெர்த்தா’வை இறக்கியபோது அதன் தலை எல்லோருக்கும் பூதாகாரமாகத் தெரிந்தது. முதல் உலகப் போரின் ஜெர்மன் பீரங்கிப் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். கன அளவு என்னவோ வெறும் 190 சி.சி. பிறகு டைட்டானியம் வந்தது, சுவர் மெலிந்தது, எடை ஏறாமல் வயிறு மட்டும் ஊதியது. 2004-ல் விதி வகுப்பவர்கள் 460 சி.சி.யோடு நிறுத்தச் சொன்னார்கள். அரை லிட்டர் பால் பாக்கெட்டில் ஒரு காபிக்கு ஊற்றியது போக மீதி என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சவரம்பு என்று சொன்னார்களா, கம்பெனிகள் பெரும்பாலும் அங்கேயே பாய் விரித்துவிட்டன.

“சார், இது ரொம்ப ஃபர்கிவிங்” என்பார் விற்பனையாளர். பந்து முகத்தின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் தலை அதிகம் திரும்பாது, தூரமும் பெரிதாகக் குறையாது என்று பொருள். உண்மைதான். ஆனால் மட்டையின் முகத்தை நீங்களே வலப்பக்கம் திறந்து வைத்து அடித்தால், அது மறுபேச்சுப் பேசாமல் பந்தை முன்பைவிடத் தூரமாக வலப்பக்கமே கொண்டுபோய்ச் சேர்க்கும். வேலி ஓரத்தில் தேடியதை இனி வேலிக்கு அப்பால் தேட வேண்டும். தேடுவதற்கு முன்பு ஐந்து நிமிடம் தந்தார்கள். 2019 முதல் மூன்றுதான்.

பையின் அடியில் கிடக்கும் குட்டை டீக்களைப் பல் குத்தக்கூட வைத்துக்கொள்ள வேண்டாம். பந்தில் பாதி, டிரைவரின் தலைக்கு மேலே தெரிய வேண்டும். அதற்கு மூன்று அங்குல டீ தேவை. விதி நான்கு வரை அனுமதிக்கிறது. பந்தை இடது குதிகாலுக்கு நேரே வைத்து, மட்டை மேலேறும்போது அடியுங்கள். பழைய பழக்கத்தில் மேலிருந்து வெட்டினால் பந்து தென்னை மர உயரத்துக்குப் போய், உங்கள் பக்கத்திலேயே இறங்கும். (இடதுகைக்காரர்கள் எல்லாவற்றையும் மாற்றிப் படித்துக்கொள்ளவும். அவர்களுக்கு இது புதிதல்ல.)

அயர்ன் விஷயத்தில் ஒரே விதி: கேள்வி கேட்காதீர்கள். 150 கெஜத்துக்கு 5 அயர்ன் எடுத்தவர் இன்று 7 அயர்னில் அங்கே போய்விடுவீர்கள். வயதானால் பலம் கூடுமா என்ற சந்தேகம் எழும். பல புது 7 அயர்ன்களின் முகச் சாய்வு அந்தக் கால 5 அயர்னுடையதுதான், தண்டும் நீளம். மாறியது அடியில் பொறித்த எண். வீட்டில் எண்ணை மட்டும் சொல்லுங்கள்.

இந்தச் சந்தோஷத்துக்கும் பில் வரும். பிட்சிங் வெட்ஜையும் இதேபோல் நிமிர்த்திவிட்டதால் அதற்கும் சாண்ட் வெட்ஜுக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுகிறது. அதை அடைக்க ‘கேப் வெட்ஜ்’ என்று தனியாக ஒன்று விற்கிறார்கள். பள்ளம் தோண்டியவரே மண்ணும் விற்கிறார். பையிலோ 14 மட்டைக்கு மேல் கூடாது. எதை வெளியே எடுப்பது என்று யோசிக்க வேண்டாம், 3 அயர்னை எடுத்துவிடுங்கள். இளமையிலேயே அது உங்களுக்குப் பணிந்ததில்லை.

கடைசியாக கிரீன். பட்டரின் தலை பெருத்துவிட்டது, பிடியும் முறுக்குக் கம்பி போலிருந்தது போய் உருண்டு திரண்டுவிட்டது. கொடிக்கம்பத்தை எடுக்கச் சொல்லி கேடியை விரட்டாதீர்கள். அதை நட்டபடியே விட்டு அடிக்க 2019-லிருந்து அனுமதி உண்டு. குழி மட்டும் அன்றிருந்த அதே நாலேகால் அங்குலம். கடைக்காரரிடம் முறையிட்டுப் பயனில்லை. அவர் குழி விற்பதில்லை.