சப்பாத்திக்கு மாறியவன்

வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டாலே சர்க்கரை நோயாம். எனக்கு 168. அன்றிரவே சோறு பதவி இறங்கியது, சப்பாத்தி பதவியேற்றது. இரண்டு போதும் என்றார் டாக்டர். விட்டம் சொல்லவில்லை. அரிசிக்குக் கோதுமை ஒன்றும் பெரிய மாற்றில்லை, மாவுச்சத்தில் இரண்டும் பங்காளிகள் என்பது பிறகுதான் தெரிந்தது. காபியில் சீனிக்குப் பதில் கருப்பட்டி. இயற்கையானதாயிற்றே! ரத்தத்துக்கு அந்த நுட்பமெல்லாம் புரியவில்லை.

மறுபரிசோதனைக்கு முன் மூன்று நாள் பாகற்காய்ச் சாறு குடித்து உத்தமனாகிப் போனேன். ஹெச்பிஏ1சி என்ற கோள்சொல்லியோ மூன்று மாதக் கதையையும் ஒப்பித்துவிட்டது: 8.4.

“கல்யாணம் எத்தனை போனீங்க?”

“நாலு, டாக்டர். ஆனா பாயசம் தொடவே இல்ல.”

பொய்யில்லை. பின்னாலேயே ஜிலேபி வந்துகொண்டிருந்தது.