மாணிக்க அண்ணை

இரத்மலானையில் எங்கள் லேனில் குடியிருக்கும் மாணிக்க அண்ணையின் சட்டைப் பையைப் பார்த்தே கிழமையைச் சொல்லிவிடலாம். சனி காலையில் பை தட்டையாக இருக்கும். கரையோர ரயிலில் பேருவளை போய், சீனன்கோட்டைக் கல் சந்தையைச் சுற்றிவிட்டுப் பின்னேரம் வரும்போது அதற்குள் ஒரு வெள்ளைக் கடுதாசிப் பொட்டலம் இருக்கும்.

பொட்டலம் பிரிப்பது ஒரு சடங்கு. முதலில் ஃபேனை நிற்பாட்டுவார். இரண்டு கரட் என்பது 0.4 கிராம்தானே, பறந்தாலும் பறக்கும். பிறகு கல்லை விரலிடுக்கில் வைத்து, கண்ணில் லூப்பைச் செருகி, கீழேயிருந்து டோர்ச் அடிப்பார். "பாத்தியே தம்பி, நெருப்பு!" எனக்கு நெக்டோ சோடாதான் ஞாபகம் வரும். "ஓம் அண்ணை" என்பேன்.

நீலம் வாங்கச் சொன்னால் கேட்கமாட்டார். இரத்தினபுரி மண் நீலத்தில் தாராளம், நல்ல சிவப்பில் கஞ்சம். அண்ணைக்கு அந்தக் கஞ்சத்தனத்தோடுதான் காதல்.

முதல் கல்லைச் சோதிக்கக் கொடுத்தார். ஸ்பினல் என்று வந்தது. மாணிக்கத்தைத் திருப்பித் திருப்பிக் கருவியில் பார்த்தால் இரண்டு விதச் சிவப்புத் தெரியும்; ஸ்பினலில் ஒன்றுதான். மூன்று நாள் வெளியே வரவில்லை. நாலாம் நாள் வந்தவர், பிரித்தானிய முடியின் முன்பக்கத்தில் இருக்கும் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' கூட ஸ்பினல்தான் என்றார். உண்மைதான். ஆனால் இழப்புக்கு அரச பரம்பரை தேடிப் பிடித்த முதல் ஆளை அன்றுதான் கண்டேன்.

அடுத்த கல்லில் ஒரு மறுவும் இல்லை. அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். உள்ளே கோடுகள் வளைந்து ஓடின. இயற்கைக் கல்லில் அவை நேராகத்தான் போகும். 1902இல் பிரான்சில் வேர்னொய் தூளை நெருப்பில் உருக்கி மாணிக்கம் செய்து காட்டிய அதே வித்தை. "நூறு வருசத்துக்கு மேற்பட்ட கலையடா" என்று அதையும் வைத்துக்கொண்டார்.

அண்ணையின் மனைவி, அக்கா, ஒருமுறைதான் வாய் திறந்தவ: "இந்தக் காசுக்குச் செங்கல் வாங்கியிருந்தா மதிலெண்டாலும் எழும்பியிருக்கும்."

ரொசர் ரீவ்ஸ் என்ற அமெரிக்க விளம்பரக்காரர், 138.7 கரட் இலங்கை நட்சத்திர மாணிக்கமொன்றை அதிர்ஷ்டக்கல்லாகக் கூடவே கொண்டு திரிந்து, 1965இல் ஸ்மித்சோனியனுக்குக் கொடுத்தாராம். அதைக் கேட்ட நாள் முதல் அண்ணையும் கல்லோடுதான் திரிகிறார். ஒருநாள் அது சட்டையோடு சேர்ந்து வொஷிங் மெஷினுக்குள் போய் ஒரு கீறலுமில்லாமல் வந்தது. "பாத்தியே, அசல்!" என்றார். செய்த மாணிக்கத்துக்கும் கடினம் அதே 9தான் என்று நான் சொல்லவில்லை.

வெள்ளவத்தைப் பக்கம் அவரைக் கண்டால், "வடிவான கல் அண்ணை" என்று சொல்லுங்கோ. என்ன கல் என்று மட்டும் சொல்லிப்போடாதேயுங்கோ.