ஃபார்மட் அடிச்சிடலாம் சார்

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் தம்பிகளிடம் சகல நோய்க்கும் ஒரே மருந்துதான்: "ஃபார்மட் அடிச்சிடலாம் சார்." பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் அதுதான், மவுஸ் நகராவிட்டாலும் அதுதான். எங்கள் வீட்டுப் பாட்டு மென்பொருள் (பெயர் வேண்டாம், பிழைத்துப் போகட்டும்) 'லைப்ரரி ஃபைல் பழுதாகிவிட்டது' என்று அறிவித்துவிட்டுப் படுத்தபோது, தெருமுனைக் கடைத் தம்பி திரையைப் பார்க்காமலே அதைச் சொன்னார்.

"என் சஷ்டி கவசம் போயிடுமாடா?" என்று அம்மா பதறினார். அப்பாவோ வழக்கத்துக்கு மாறாகப் பெருந்தன்மையாக இருந்தார். "தம்பி சொல்றபடி அடிச்சிடு. பழசையெல்லாம் கட்டி அழுதுக்கிட்டு!" இவர்தான் பழைய சி-60 கேசட்டுகளை எம்பி3 ஆக்கியவர். ஒரு கேசட்டுக்கு முழுசாக ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து, நடுவில் திருப்பிப் போட்டு, மைக் வைத்துப் பதிந்தார். சில கீர்த்தனைகளில் குக்கர் விசிலும் பக்கவாத்தியமாக வரும். அப்படிப்பட்டவர் ஏன் இவ்வளவு சுலபமாகக் கைகழுவுகிறார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

உண்மையில் பாட்டு மென்பொருளுக்குள் பாட்டே கிடையாது. அது மளிகைக் கடைக் கணக்கு நோட்டு மாதிரி. மூட்டையெல்லாம் குடோனில், அதாவது டி டிரைவில் 'நியூ ஃபோல்டர் (3)'க்குள் கிடக்கிறது. நோட்டைக் கரையான் அரித்தால் அரிசி குறையாது. எந்தப் பாட்டு எந்த ஃபோல்டரில், எந்த பிளேலிஸ்டில், எத்தனை முறை ஓடியது என்ற கணக்குதான் போகும்.

பாட்டின் பெயர்கூடப் போகாது. 1996இல் வந்த ஐடி3 முறைப்படி, பாட்டு, பாடகர், ஆல்பம் என்ற விவரமெல்லாம் எம்பி3 ஃபைலின் கடைசி 128 பைட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். பெயருக்கு 30 எழுத்து இடம்தான். புதிதாக நிறுவிய மென்பொருள் அதையெல்லாம் மறுபடி படித்துக்கொள்ளும், படிக்கும்படி ஏதாவது இருந்தால். தமிழ்நாட்டில் அதிகப் பாட்டுக்கு இசையமைத்தவர் யார் என்று என் கம்ப்யூட்டரைக் கேட்டால் இளையராஜா என்று சொல்லாது. 'அன்னோன் ஆர்ட்டிஸ்ட்' என்றே சொல்லும்.

விண்டோஸில் ஐடியூன்ஸ் வைத்திருப்பவர்கள் மியூசிக் ஃபோல்டருக்குள் ஐடியூன்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் 'ஐடியூன்ஸ் லைப்ரரி.ஐடிஎல்' என்று ஒன்று இருக்கும். அதுதான் நோட்டு. மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்தாலும் அது அங்கேயே கிடக்கும். ஆனாலும் முதலில் அந்த ஃபோல்டரை முழுசாக ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள். பிறகு மென்பொருளை நீக்குங்கள், திரும்பப் போடுங்கள். நோட்டே பழுது என்றால், 'ப்ரீவியஸ் ஐடியூன்ஸ் லைப்ரரீஸ்' ஃபோல்டரில் தேதி போட்ட பழைய நோட்டுகள் இருக்கும். புதியதாகப் பார்த்து ஒன்றை வெளியே கொண்டுவந்து, தேதியை நீக்கிப் பழைய பெயரையே வைத்தால் போதும். டிரைவ் எழுத்தை மட்டும் மாற்றிவிடாதீர்கள். டி டிரைவ் ஈ ஆகிவிட்டால் பாட்டுக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி முளைக்கும். அது பாராட்டு அல்ல, 'ஃபைலைக் காணோம்' என்று அர்த்தம்.

எங்கள் மென்பொருளும் ஏறக்குறைய இப்படித்தான் பிழைத்தது. தம்பிக்குக் காபி கொடுத்து அனுப்பினோம். சஷ்டி கவசம் வந்தது, குக்கர் விசில் வந்தது, பிளே கவுன்ட்டும் ஒன்று குறையாமல் வந்து சேர்ந்தது. கர்நாடக சங்கீதம் தவிர வேறெதுவும் காதில் விழக்கூடாது என்று முப்பது வருஷமாகச் சொல்லிவரும் அப்பாவின் பிளேலிஸ்டில், யாரும் எட்ட முடியாத எண்ணிக்கையில் முதலிடம் ஒரு குத்துப்பாட்டுக்கு. ஃபார்மட்டுக்கு அவர் ஏன் ஓட்டுப் போட்டார் என்பது அம்மாவுக்கும் புரிந்துவிட்டது.

இதே நிலையில் உள்ள பெரியவர்களுக்கு ஒரு தகவல்: இதற்காக ஃபார்மட் அடிக்க வேண்டியதில்லை. ஐடியூன்ஸில் பாட்டின்மேல் ரைட் கிளிக் செய்தால் 'ரீசெட் பிளேஸ்' என்றே ஒரு வசதி இருக்கிறது.